நிலவேம்புக்கு நடுவே கொஞ்சம் வசம்பு

அநீதி இழைக்கப்பட்டவர் என் அம்மா. இழைத்தவர் என் அப்பா. பறிபோனது, வீட்டின் பின்பக்கத்தில் ஆறடிக்கு நாலடி மண். சாட்சி, நான்.

ஆறடி மண்ணுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டுப் பின்பக்கத்தை வந்து பார்க்க வேண்டும். மூன்று புறம் மதில், நாலாவது புறம் சமையலறை. வெயில் விழுவதே ஒரு மூலையில்தான். அந்த மூலையிலும் பத்து வருஷமாக ஒரு துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி குந்திக்கொண்டு, மொத்த வெயிலையும் தானே காய்ந்துகொண்டிருந்தது. "தொட்டியை எடுக்கற அன்னைக்கு அந்த இடம் உனக்குத்தான். என்ன வேணா வெச்சுக்கோ" என்று அப்பா வாக்குக் கொடுத்தார். என் காது கேட்கக் கொடுத்தார்.

அம்மா வைக்க நினைத்தது சம்பங்கி. அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். நாள் முழுக்க பிளீச்சிங் பவுடர் வாசனை. வீட்டுக்கு வந்து எத்தனை தடவை கை கழுவினாலும் சோப்பு தோற்கும், பிளீச்சிங் ஜெயிக்கும். "சாயங்காலம் பின்கதவைத் திறந்தா மூக்குக்கு வேற ஏதாவது கிடைக்கணும்" என்பாள். அவ்வளவுதான் அவள் கோரிக்கை. இருபது கிழங்கு வாங்கிக் காகிதப் பையில் போட்டு வைத்துக்கொண்டு, தொட்டி போகும் நாளுக்காகக் காத்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை தொட்டி போனது. அன்றைக்கே அப்பா முப்பது நிலவேம்பு நாற்றுகளோடு வந்து இறங்கினார்.

உபயம்: அடுத்த வீட்டு மாமா. நாற்பது வருஷம் மருந்துக்கடை வைத்து மாத்திரையும், ஓரமாகக் கொஞ்சம் நாட்டுமருந்துச் சரக்கும் விற்றவர். கடையை மூடியதும் மாத்திரைமேல் நம்பிக்கையையும் மூடிவிட்டார். இப்போது எதற்கெடுத்தாலும் கஷாயம். அதனால் எங்களுக்கு அவர் கஷாயம் மாமா.

"என்னப்பா இது?" என்றேன்.

"நிலவேம்பு. காய்ச்சலுக்குக் கண்கண்ட மருந்து."

"இந்த வீட்ல யாருக்குக் காய்ச்சல்?"

"வரும்."

"வந்தா பாத்துக்கலாமே?"

"வந்தப்புறம் நட்டா, செடி வளர்றதுக்குள்ள ஆள் போயிடுவான்."

"அம்மாவுக்குக் குடுத்த வாக்கு?"

"வாக்கு பெரிசா, உயிர் பெரிசா?"

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரையே ஏற்றி இறக்குபவர். ஆனால் ஒரு வாதத்தில் ஏறிவிட்டால் தான் மட்டும் இறங்கமாட்டார். அரைமணி நேரத்தில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை ஒட்டினார். இடப்பக்கம் நிலவேம்பு, வலப்பக்கம் சம்பங்கி. 'பயன்' என்ற வரியில் ஒன்றுக்கு 'உயிர் காக்கும்', மற்றதற்கு 'மணக்கும், அவ்வளவே'. 'பூச்சி' என்ற வரியில், நிலவேம்பை எந்தப் பூச்சியும் தின்னாது.

"எந்த மனுஷனும்தான் தின்னமாட்டான். அவ்வளவு கசப்பு" என்றேன். "அது சரி, 'ஆயுள்'னு ஒரு வரி எழுதி ஏன் அடிச்சிருக்கீங்க? நிலவேம்பு ஒரு வருஷத்துல முடிஞ்சுடும். சம்பங்கிக் கிழங்கை ஒருதடவை வெச்சா மண்ணுக்குள்ள இருந்துக்கிட்டு வருஷாவருஷம் பூக்கும். அதானே அடிச்சீங்க?"

"செடியோட ஆயுளை ஏன் பாக்கற? மருந்து குடிச்ச ஆளோட ஆயுளைப் பாரு."

"சரி, நிலவேம்பு பாதி நிழல்லயே வளரும். மதில் ஓரமா வைங்க. சம்பங்கிக்குத்தான் நல்ல வெயில் வேணும்."

"பாதி நிழல்ல வளர்ந்தா பாதிக் காய்ச்சல்தான் குணமாகும்."

இதற்குப் பெயர் வாதமா? நான் பதினான்கு பாயிண்ட் தயாராக வைத்திருந்தேன். ஒன்பதாவது பாயிண்டில் அப்பா தண்ணீர் குடித்தார். பதினொன்றில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னும் மூன்றே மூன்று பாயிண்ட், ஆள் சாய்ந்திருப்பார். அப்போது பார்த்து சமையலறையிலிருந்து அம்மாவின் குரல்.

"சரி, நிலவேம்பே வெச்சுக்கோங்க."

நான் சமையலறைக்கு ஓடினேன். "அம்மா! உனக்கு வாக்குக் குடுத்தார்மா!"

"குடுத்தார். அதுக்கென்ன இப்போ?"

"அந்தக் கிழங்கு?"

"அதை ஏதாவது பண்ணிக்கறேன். நீ போய்ப் படி."

ஜெயித்த அப்பாவுக்கே முகம் வாடிவிட்டது. அட்டவணையில் இன்னும் ஏழு வரி பாக்கி வைத்திருந்தார், பாவம்.

மறுநாள் காலை அநியாயம் இன்னொரு படி ஏறியது. மண்வெட்டியோடு போன அப்பாவை அம்மா தடுத்தாள். "குனிஞ்சு நிமிர்ந்தா உங்க முதுகு போயிடும். நான் நட்டுத் தர்றேன். நீங்க போர்டு எழுதுங்க." அப்பா கூடத்தில் பலகையை விரித்துக்கொண்டு 'மூலிகைத் தோட்டம்' என்று பச்சை பெயிண்டில் எழுத உட்கார்ந்தார். அடிமைத்தனத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. பையைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு வெளிநடப்புச் செய்தேன்.

அன்றிலிருந்து அப்பா ஆளே மாறிப்போனார். வீட்டில் ஒரு பல்பு மாற்றச் சொன்னால் ஒரு மாதம் ஆக்குபவர், விடிந்ததும் விடியாததுமாகப் பூவாளியோடு நின்றார். களை எடுத்தார். எரு போட்டார். செடிகளிடம் பேசக்கூடச் செய்தார். என்னிடம் அவ்வளவு அன்பாகப் பேசியதில்லை.

மூன்றாவது வாரம் அம்மா சொன்னாள், "ஏங்க, நிலவேம்புக்கு நடுவுல புல்லு மாதிரி ஏதோ முளைக்குதே, புடுங்கிடட்டுமா?"

அப்பா விரைந்து வந்து குறுக்கே நின்றார். "கை வைக்காதே!"

"களைங்க."

"களையா இல்லையான்னு நான் பாத்துக்கறேன். என் பாத்தியில கை வைக்க உனக்கு ஒரு சாக்கு வேணும், அதானே?"

குனிந்து நாலு பக்கமும் படம் எடுத்தார். போனிலேயே ஒருமணி நேரம் தேடினார். பிறகு நிமிர்ந்தார். லாட்டரி அடித்தவன் முகம்.

"வசம்பு!"

"என்னது?"

"வசம்புடி. அருமையான மருந்து. நாத்தோட மண்ணுல கலந்து, இலவசமா வந்திருக்கு. இதைப் போய்ப் புல்லுன்னு புடுங்கப் பாத்தியே!"

"எனக்கு என்னங்க தெரியும்" என்று அம்மா உள்ளே போனாள்.

வசம்பு சதுப்பு நிலத்தில் வளர்வது என்று மாமா சொல்லிவிட, அப்பா அடுத்த நாள் ரப்பர் குழாயை இழுத்து வந்து பாத்தியில் போட்டார். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒரு நொடி அவள் முகம் வெளுத்தது. அதை நான் பார்த்தேன், காரணம்தான் புரியவில்லை. பிறகு சாவகாசமாகச் சொன்னாள், "நல்லா விடுங்க. குளம் மாதிரி நிக்கட்டும். அப்பதான் நல்லது."

அப்பா குழாயைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பட்டென்று குழாயை மூடினார்.

"என் செடியை அழுக வைக்கப் பாக்கறியா? நான் என்ன முட்டாளா?"

"அய்யோ, நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்."

அன்றிலிருந்து அளந்து அளந்துதான் தண்ணீர்.

எனக்குப் பொறுக்கவில்லை. சமையலறைக்குப் போய் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "அவர் என்ன சொன்னாலும் தலையாட்டற. உனக்கு முதுகெலும்புன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"இருக்கு. அன்னைக்குக் குழி தோண்டினதுல இன்னும் வலிக்குது."

இப்படிப்பட்டவர்களுக்காக எப்படிப் போராடுவது, சொல்லுங்கள்.

மூன்று மாதம் ஓடியது. 'வசம்பு' தண்டு விட்டது. முழங்கை உயரத்துக்கு விறைப்பாக நின்றது. "உங்க மருந்துச் செடியை மறைக்குது, வெட்டிடவா?" என்று அம்மா கேட்டாள். அப்பா தண்டுக்குத் தண்டு குச்சி நட்டு, சணல் கயிறு கட்டி, சுற்றிலும் வேலி போட்டார். மொட்டுகள் வெளுத்த அன்று அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை முடிந்து வந்ததும் வராததுமாக, அரிய மூலிகை பார்க்கக் கஷாயம் மாமாவைக் கையோடு அழைத்து வந்தார்.

மாமா 'மூலிகைத் தோட்டம்' போர்டைப் படித்தார். பாத்தியைப் பார்த்தார். குனிந்து ஒரு தண்டை மூக்கருகே இழுத்தார். நாலைந்து பூக்கள் அன்று சாயங்காலம்தான் விரிந்திருந்தன.

"தம்பி, நாப்பது வருஷம் வசம்பை எடை போட்டுக் குடுத்திருக்கேன்" என்றார். "அது இவ்வளவு வாசனையா, வெள்ளை வெளேர்னு பூத்து நான் பாத்ததில்ல. இது சம்பங்கிப்பா. யார் வளர்த்தது? ரொம்பச் செழிப்பா இருக்கே."

அப்பா இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி நின்றார். மாமா நிலைமையை மோப்பம் பிடித்து, அடுப்பில் கஷாயம் வைத்திருப்பதாகச் சொல்லி நழுவினார்.

அந்த நேரம் பின்கதவு திறந்தது. அம்மா. தோளில் வேலைப் பை, காலில் இன்னும் செருப்பு. அப்படியே நிலையில் சாய்ந்து கண்ணை மூடி, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தாள். விடவே மனசில்லாமல் விட்டாள். எங்கள் இருவரையும் அவள் கண்டுகொள்ளவே இல்லை.

நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "நீயா? நாத்துக்கு அடியிலயே கிழங்கையும் வெச்சியா? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா! நான் உன் கட்சி!"

"சொல்லியிருந்தா நீ உங்கப்பாகிட்ட வாதாடி ஜெயிச்சிருப்ப. பூ வந்திருக்காது."

என் பதினான்கு பாயிண்டில் இது இல்லை.

அப்பா பாத்தியைச் சுற்றி வந்தார். தானே தண்ணீர் ஊற்றியது, தானே எரு போட்டது, தானே வேலி கட்டியது எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயின. கடைசியில் அவருக்கு ஒரு பாயிண்ட் கிடைத்துவிட்டது. குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

"அது சரி. அன்னைக்குப் புடுங்கட்டுமான்னு கேட்டியே. நான்தான் வேண்டாம்னேன். ஒருவேளை, சரி புடுங்குன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவையாவது நான் சொன்னதுக்குச் சரின்னுட்டீங்களேங்கற சந்தோஷத்துல, ஒண்ணு விடாம நானே புடுங்கியிருப்பேன்."