பெண் பார்க்கப் போன இடத்தில் ஓர் அப்பேரண்ட்லி

ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாதவன் எப்படியோ தப்பித்துவிடுகிறான். அரைகுறையாகத் தெரிந்தவன்தான் மாட்டிக்கொள்கிறான். நான் மாட்டிக்கொண்டது பெண் பார்க்கப் போன இடத்தில்.

நாமக்கல்லில் அண்ணனோடு சேர்ந்து லாரி பாடி கட்டும் பட்டறை நடத்துகிறேன். பெண் ராசிபுரம், பெயர் கவிதா. ஒரு பெரிய பள்ளியில் ஆங்கில ஆசிரியை. என் ஆங்கிலமோ சேஸிஸ், வெல்டிங், டெலிவரியோடு முடிந்துவிடும்.

பிடித்திருக்கிறதா என்று கேட்டால் வெறும் ‘யெஸ்’ போதாது, ‘தெளிவாகப் பிடித்திருக்கிறது’ என்று ஆங்கிலத்தில் அடித்துச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். செல்போன் அகராதியில் தேடினால் கிளியர்லி, அப்வியஸ்லி, எவிடென்ட்லி, அப்பேரண்ட்லி என்று வரிசையாக வந்து நின்றன. எல்லாவற்றுக்கும் ‘தெளிவாக, வெளிப்படையாக’ என்றே போட்டிருந்தது. கிளியர்லி எங்கள் வெல்டருக்கே தெரியும். அப்பேரண்ட்லிதான் படித்தவன் வாயில் வருவதுபோல் இருந்தது. காரில் போகும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன். (நான் சாமி கும்பிடுவதாக அம்மா நினைத்துக்கொண்டார்.)

கூடத்தில் எல்லோர் முன்னாலும் கவிதாவின் அப்பா கேட்டார்: “ஏனுங்க தம்பி, புள்ளையப் புடிச்சிருக்குதுங்களா?”

நிமிர்ந்து உட்கார்ந்தேன். “அப்பேரண்ட்லி, ஐ லைக் ஹர்.”

அவர் முகம் மலர்ந்தது. கவிதாவின் முகம் சுருங்கியது. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வரவேயில்லை. (என் ஆங்கிலத்தில் சொக்கிப்போய்விட்டாள் என்று நினைத்தேன். அப்படி ஒரு ஜென்மம் நான்.)

மறுநாள் பட்டறையில் இருக்கும்போது போன் வந்தது.

“கவிதா பேசறனுங்க. தரகர்கிட்ட நம்பர் வாங்குனனுங்க. ஊட்டுல கட்டாயப்படுத்துறாங்கன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. எங்கப்பாகிட்ட நானே பேசி நிறுத்திக்கறேன்.”

கையிலிருந்த அளவு டேப் கீழே விழுந்தது. “ஐயோ, யாருங்க கட்டாயப்படுத்துனது?”

“நீங்கதானுங்க அப்பேரண்ட்லின்னீங்க. ‘புடிச்சிருக்கறாப்பல தெரியுது, உறுதியாச் சொல்ல முடியாது’ன்னுதானுங்க அதுக்கு அர்த்தம்.”

“அப்ப... எவிடென்ட்லிங்க!”

“அது ஆதாரத்தப் பாத்துச் சொல்றதுங்க. என்ன ஆதாரம் வெச்சிருக்கறீங்க?”

“அப்வியஸ்லி?”

“அது, ‘இதுகூடவா உனக்குத் தெரியில’ன்னு கேக்கறாப்பல இருக்குமுங்க.”

மிச்சம் இருந்தது கிளியர்லி மட்டும்தான். அதையும் சொல்லிப் பெண்ணை இழக்க எனக்குத் தைரியமில்லை. சத்தத்தை நிறுத்தும்படி வெல்டருக்குக் கைகாட்டிவிட்டு, “ஏனுங்க, எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்குதுங்க. அத இங்கிலீசுல சொல்லிப் பேர் வாங்கலாம்னு பாத்தனுங்க” என்றேன். சத்தம் நின்றிருந்ததால் பட்டறை முழுக்கக் கேட்டது.

அந்தப் பக்கம் அடக்கமாட்டாத சிரிப்பு. “எனக்கும் புடிச்சிருக்குதுங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

கல்யாணத்தன்று மாமனார் என்னை உறவுக்காரர்களிடம் கூட்டிப்போய்ப் பெருமையாகச் சொன்னார்: “புள்ளையப் புடிச்சிருக்குதான்னு கேட்டனுங்க. அப்பா, பேரண்ட்டு, அவிங்களுக்குப் புடிச்சாச் சரின்னு இங்கிலீசுலயே சொன்னாருங்க. பெத்தவங்கள மதிக்கற பையன், உட்றக்கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.”

இன்றும் விருந்தாளி யார் வந்தாலும் மாமனார் வாயில் இந்தக் கதைதான். கவிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடிவிடுகிறாள். நான்தான் பெற்றவர்களை மதிக்கும் முகத்தோடு அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.