முன்படி ஐந்தும் சட்டைப்பை ஒன்றும்

‘இன்னொரு புதன்கிழமை’ தொலைக்காட்சித் தொடரின் ரசிகர் காலாண்டிதழ் ஆசிரியர் திருமதி லோர்னா பிரிஜ் அவர்களுக்கு, ஹெர்மோசா தெரு 614-ஆம் எண் வீட்டில் குடியிருக்கும் வெண்டல் கிரைம்ஸ் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்களுடைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவி மார்லிஸும் நலம். அவள் மட்டும் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அது விஷயமாகத்தான் இந்தக் கடிதம்.

முப்பத்து நான்கு வருஷம் தண்ணீர் இலாகாவில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் எழுதியதில்லை. 1961-இல் உங்கள் அருமைத் தொடரின் ஒரு கதையை எங்கள் தெருவில் வந்து படம் பிடித்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. விற்பனைப் பிரதிநிதி ஒருவன் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறான், மனைவி கதவைத் திறந்து ‘யார் நீங்கள்’ என்று கேட்கிறாள், அதுதானே கதை? நல்ல கதையாகவே இருக்கட்டும். போன கோடை இதழின் ஏழாம் பக்கத்தில், ‘அன்றும் இன்றும்’ பகுதியில், அந்த வீடு என் வீடுதான் என்று முகவரியோடு போட்டுவிட்டீர்களே, அன்றிலிருந்துதான் எனக்குச் சனி பிடித்தது.

உங்கள் வாசகர்கள் நல்ல மனிதர்கள். திருட மாட்டார்கள், குப்பை போட மாட்டார்கள், புல்லை மிதித்தால் மன்னிப்புக் கேட்பார்கள். ஆனால் பழைய படத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அதே இடத்தில், அதே கோணத்தில், அங்குலம் பிசகாமல் புதுப் படம் எடுத்தாக வேண்டும் என்று ஒரு வெறி இருக்கிறது பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. டுவெயின் என்று ஒருவர், பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வருகிறார், நடைபாதையில் நூல் கட்டி அளக்கிறார். முதல் நாளே என்னைப் பார்த்து, “சார், கொஞ்சம் அந்தப் பக்கம் போயிடுறீங்களா? நீங்க இந்தக் கதைல இல்ல” என்றார். “யோவ், இது என் வீடுய்யா” என்றேன். “அதே வசனத்தைத்தான் சார் அந்த ஆளும் சொல்லுவான்” என்று புல்லரித்துப்போய்க் கையைக் காட்டினார். அப்புறம் என் அஞ்சல் பெட்டி தப்பு, என் கார் தப்பு, மார்லிஸ் வைத்த எலுமிச்சை மரம் பெரிய தப்பு. கதவு அந்தக் காலத்தில் என்ன நிறம் என்று இரண்டு பேர் என் வாசலில் முக்கால் மணி நேரம் சண்டை போட்டார்கள், ஒருவர் பச்சை என்கிறார், இன்னொருவர் சிவப்பு என்கிறார், படமோ கறுப்பு வெள்ளை, கடைசியில் என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். சாம்பல் நிறம் என்று சொல்லி அனுப்பினேன். பழைய படத்தில் வராந்தா ஓரமாக ஒரு பெண்மணி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள் அல்லவா, அந்த இடம் இப்போது வெறுமையாக இருக்கிறது என்பதில் டுவெயினுக்குத் தீராத வருத்தம். போனால் போகிறது என்று நான் உட்காரவா என்று கேட்டேன். சற்று யோசித்து, “வேண்டாம் சார்” என்றார்.

இதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆறு வாரத்துக்கு முன்னால் மார்லிஸ் பின்தோட்டத்தில் வெண்ணெய்ப்பழம் பறிக்க ஏணியில் ஏறி விழுந்தாள். இருபதாம் தேதி வீட்டுக்கு வருகிறாள். மூன்று மாதம் சக்கர நாற்காலிதான், அதுவும் டாக்டர் சொல்கிற மூன்று மாதம், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முன்வாசலில் ஐந்து செங்கல் படிகள் இருக்கின்றன. அவற்றை இடித்துவிட்டுச் சாய்தளம் போடத் தச்சரை வரச்சொன்னேன். தச்சர் வருவதற்குள் சேதி உங்கள் வாசகர்களுக்குப் போய்விட்டது. அந்த விற்பனைப் பிரதிநிதி மூன்றாவது படியில் நின்றுதான் திரும்பிப் பார்ப்பானாம், அந்தப் படியை இடிப்பது கொலைக்குச் சமமாம். நானூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டு எங்கள் ஊர்ப் பழைய கட்டடக் காப்புக் குழுவுக்கு மனுக் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒருவர் நார்வேக்காரர். குழுவும், விசாரணை முடிகிறவரை தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற எதையும் தொடக்கூடாது என்று என் கதவில் காகிதம் ஒட்டிவிட்டது. விசாரணை பதினான்காம் தேதி. அன்றைக்குத் தோற்றேன் என்றால் என் பெண்டாட்டியை நான் எப்படி உள்ளே கொண்டுவருவது அம்மா? எனக்கு எழுபத்து மூன்று வயது. தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் கல்யாணத்தன்று மணப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டுகிற சடங்கே என்னால் முடியவில்லை, வாசலில் இறக்கிவிட்டேன், இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

எனவே அது என் வீடு இல்லை என்பதற்கு ஆதாரம் தேடினேன், கிடைத்துவிட்டது. கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். உங்கள் கதையை முதல் தடவையாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்பதாவது நிமிஷத்தில் அந்த ஆள் கோட்டைக் கழற்றுகிறான். சட்டைப்பை வலது மார்பில் இருக்கிறது! ஆண்பிள்ளைச் சட்டைக்கு எந்த ஊரில் வலது பக்கம் பை தைக்கிறார்கள்? அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து நின்று கை தட்டினேன், தனியாகத்தான். படச்சுருளை யாரோ இடம் வலமாகத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். 1922-இல் இந்தத் தெருவைக் கட்டிய மேஸ்திரி ஒரே வரைபடத்தைத் திருப்பிப் போட்டு எதிரெதிரே இரண்டு வீடு கட்டினார். எனக்குப் புகைபோக்கி இடப்பக்கம், எதிர்வீட்டு ஹாரியட் யாமானேக்கு வலப்பக்கம். படத்தில் இடப்பக்கம் தெரிகிறது என்றால் நிஜத்தில் அது வலப்பக்கம். ஆக, உங்கள் புண்ணியத்தலம் எதிர்வீடு, நானூற்றுப் பன்னிரண்டு பேரும் தப்பான படியைக் கும்பிட்டிருக்கிறீர்கள். ஹாரியட்டுக்கு எண்பத்திரண்டு வயது, அமைதியாக ரோஜா வளர்க்கிறார். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நல்ல சேதியை அச்சில் பார்க்கட்டுமே.

ஆகையால் பதினான்காம் தேதிக்குள் ஒரு திருத்த அறிக்கை வெளியிட்டு, ஒரு பிரதியைக் குழுவுக்கும் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இல்லையென்றால் டுவெயினின் நூலை அறுப்பேன் என்று எழுதியிருந்தேன், அதை அடித்துவிட்டேன். தங்கள் இதழ் நீடூழி வாழ்க, முகவரிகள் இல்லாமல் வாழ்க. தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வெண்டல் கிரைம்ஸ்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் அச்சிட வேண்டாம். தபாலில் போடுவதற்கு முன் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் மார்லிஸுக்குப் படித்துக் காட்டினேன். முழுசையும் கேட்டுவிட்டு, “வெண்டல், நீ கதையைக் கடைசிவரைக்கும் பாத்தியா?” என்றாள். பை வரைக்கும் பார்த்தேன் என்றேன். நர்ஸம்மாவின் கைபேசியில் போட்டு மிச்சத்தையும் பார்க்க வைத்தாள். கடைசி நிமிஷத்தில் அந்த மனைவி, ‘என் புருஷன் சட்டையில் பை இந்தப் பக்கம் இருக்காது’ என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறாள். அந்த ஆள் வேறு உலகத்திலிருந்து வந்தவனாம். வேண்டுமென்றே வலப்பக்கம் தைத்திருக்கிறார்கள். படச்சுருள் சரியாகத்தான் இருக்கிறது. வீடு என்னுடையதுதான்.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்து, “சரி, நம்ம முன்வாசல் வழியா நீ கடைசியா எப்ப உள்ள வந்தே?” என்று கேட்டாள். யோசித்தேன். இந்த வீட்டில் முப்பத்தொரு வருஷமாக, ஊரில் எல்லாரையும் போல, காரை வீட்டின் பக்கவாட்டில் நிறுத்திவிட்டுச் சமையலறைக் கதவு வழியாகத்தான் வருகிறேன். அங்கே ஒரே ஒரு படி, நாலு அங்குலம், அளந்தும் வைத்திருக்கிறேன். தெருவிலிருந்து தெரியவும் தெரியாது. “மீட்டர் பாக்குறவனுக்குச் சொந்த வீட்டு வாசல் தெரியல” என்று சிரித்தாள் பாருங்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஆறு வாரமாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தச்சர் நேற்றுக் காலை வந்து ஒரு பலகையைச் சரித்துப் போட்டுவிட்டுப் போனார்.

மார்லிஸ் சொல்லச் சொன்னது: அடுத்த இதழின் ஏழாம் பக்கத்தில், இருபதாம் தேதிக்குப் பிறகு சனிக்கிழமைதோறும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை வராந்தா நாற்காலியில் ஆள் இருக்கும் என்று போடவும். டுவெயினுக்குப் போனில் சேதி சொல்லிவிட்டேன். அவள் தலை எந்த உயரத்தில் வர வேண்டும் என்று அளந்தாக வேண்டுமாம். நூலின் இன்னொரு முனையை நான்தான் பிடித்துக்கொள்ளப் போகிறேன், படத்தில் விழாத இடமாகப் பார்த்து.