ஆடாத தூளி

பாதையைப் பார்த்ததும் அர்த்தனாரி தலையில் கை வைத்துக்கொண்டார். யாரோ அதைக் கூட்டிவைத்திருந்தார்கள்.

கூட்டியதோடு விடவில்லை. இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த முள்ளை வெட்டியிருந்தார்கள். காலை இடறும் கற்களைப் பொறுக்கி ஓரமாக அடுக்கியிருந்தார்கள். திருப்பத்தில் சாணி தெளித்து ஒரு கோலம்கூட இருந்தது.

"பாப்பாயி! யாரு பார்த்த வேலை இது?"

"நாங்கதானுங்க." பக்கத்து வீட்டுப் பாப்பாயி விளக்கமாற்றோடு நிமிர்ந்தாள். "வெளிநாட்டுல இருந்து நம்ம ஊரைத் தேடி ஒருத்தர் வாராங்க. முள்ளுல நடக்க விட்டா நாளைக்கு நம்மளத்தானே பேசுவாங்க?"

"அவங்க வர்றதே முள்ளைப் பார்க்கத்தான்!"

"ஏனுங்க, அவங்க ஊர்ல முள்ளு இல்லீங்களா?"

அர்த்தனாரி வெட்டிய முள் எங்கே கிடக்கிறது என்று தேடினார். சொல்ல ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும்.

திண்ணனூர் நாடு என்கிற மலையூர்க் கூட்டத்தில் அந்தச் சிற்றூருக்கு மட்டும் ரோடு கிடையாது. கீழே ஜீப் வந்து நிற்கிற டீக்கடை வரைக்கும் இந்தச் சரிவுப் பாதைதான். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால், நீளக் கம்பில் போர்வையைத் தூளியாகக் கட்டி, அதில் படுக்கவைத்து, தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிப் போவார்கள். போன ஐப்பசி மழையில் அர்த்தனாரியின் மனைவி கோகிலவாணியை நெஞ்சு வலியோடு அப்படித்தான் கொண்டுபோனார்கள். பாதி வழியில், நாவல் மரத்தடியில், தூளியை இறக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் அவசரம் ஒன்றும் இருக்கவில்லை.

காரியம் முடிந்த கையோடு அர்த்தனாரி ரோடு கேட்டு மனு எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு ஆபீஸும் அடுத்த ஆபீஸுக்கு வழி காட்டியது. கடைசியில் மலைக்குக் கீழே ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கும் பானுமதி கிடைத்தாள். "ரோடு உங்க உரிமைங்க. கேஸ் போடலாம். எங்களுக்குப் பணம் கொடுக்கற வெளிநாட்டு அமைப்புல இருந்து ஒருத்தங்க நேர்ல வந்து பார்ப்பாங்க. அவங்க மனசு வெச்சாப் போதும்" என்றாள்.

மகள் வித்யாஸ்ரீ பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். இந்தப் பிரசவத்துக்குள் ரோடு வராது என்பது அர்த்தனாரிக்குத் தெரியும். அடுத்ததுக்காவது வரட்டும் என்றிருந்தார்.

"வெட்டுன முள்ளையெல்லாம் மறுபடி கொண்டாந்து போடுங்க, சீக்கிரம்!"

போட்டார்கள். ஆனால் மரவள்ளிக் காட்டுக்கு வேலி கட்டியே பழகிய கைகள் அவை. முள்ளை இரண்டு பக்கமும் வரிசையாக நிறுத்தி, கொடியால் பின்னி, பிசிறு இல்லாமல் முடித்துவிட்டார்கள். பாதை இப்போது கல்யாண மண்டபத்துக்குப் போகிற வழி மாதிரி இருந்தது.

"வேலி கட்டச் சொன்னேனா?"

"சும்மா போட்டா மாடு மிதிச்சுருமுங்களே."

அர்த்தனாரி தலையில் அடித்துக்கொண்டார். "தண்ணி கொண்டாந்து சரிவுல ஊத்துங்க. வழுக்கட்டும்."

குடம் குடமாக ஊற்றினார்கள். கடைசிக் குடத்தோடு பாப்பாயி சறுக்கி, நேராகக் கோலத்தின் மேல் போய் உட்கார்ந்தாள்.

"இப்பச் சரிங்களா?" என்றாள் அங்கிருந்தே.

மார்த்தா என்ற அந்த வெள்ளைக்காரப் பெண்மணி வந்தபோது அவள் காலில் பல் வைத்த பூட்ஸும் இரண்டு கையிலும் ஊன்றுகோலும் இருந்தன. வழுக்குச் சரிவில் வெள்ளாடு மாதிரி ஏறினாள். அவளுக்குப் பின்னால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க, பானுமதி.

மார்த்தா நின்று ஏதோ சொன்னாள்.

"என்னங்க சொல்றாங்க?" அர்த்தனாரி ஆவலாகக் கேட்டார்.

"வேலி ரொம்ப அழகா இருக்குதாம்."

வீட்டு வாசலில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். அர்த்தனாரி கோகிலவாணியைப் பற்றிச் சொன்னார். மழையைச் சொன்னார். நாவல் மரத்தைச் சொல்லும்போது மட்டும் கீழே சரிவைக் கை காட்டினார். பானுமதி இங்கிலீஷில் சொல்லச் சொல்ல மார்த்தா நிஜமாகவே அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, என்ன போர்வை, கம்பு என்ன மரம், முடிச்சு எப்படிப் போடுவார்கள் என்று கேட்டாள். கூரை எரவாணத்தில் செருகியிருந்த கம்பை எடுத்து வந்து காட்டியதும் அதைத் தடவிப் பார்த்தாள். எல்லாப் பக்கமும் படம் எடுத்தாள்.

"அப்பா, ரோட்டைப் பத்தி ஒண்ணுமே கேக்கலியே?" வித்யாஸ்ரீ வயிற்றைத் தாங்கிக்கொண்டு காதோரம் கேட்டாள்.

"சாட்சி சேக்கறாங்க கண்ணு. கோர்ட்டுல இதையெல்லாம் கேப்பாங்க."

திரும்பும்போது, கொஞ்ச தூரம் இறங்கியதுமே மார்த்தா 'ஆ' என்று உட்கார்ந்துவிட்டாள். இடது கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயையோ!" என்றாள் பானுமதி.

அர்த்தனாரிக்கு வந்தது சந்தோஷம். கோகிலாவே வந்து அந்தக் காலைப் பிடித்து இழுத்திருப்பாள் என்று தோன்றியது. இனி இந்த அம்மாளுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டாம். அவளே படுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

"தூளி கட்டுங்கப்பா!"

முன்கம்பை எடுத்தவர் பழனிமுத்து, கோகிலவாணியின் அண்ணன். அர்த்தனாரி அவர் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான், கொஞ்சம் ஆட்டிக் கொண்டுபோங்க."

"எதை?"

"தூளியைத்தான். அந்தம்மா பயப்படோணும். ரெண்டு எடத்துல முடியலன்னு கீழ எறக்கி வையுங்க."

பழனிமுத்து நடையை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்தார். "மாப்ள, உங்களுக்கென்ன புத்தி கித்தி பெசகிருச்சா? தோள்ல ஒரு உசுரு இருக்கறப்ப ஆட்டறதா? உசுரோட இருக்கற ஆளை யாராச்சும் வழியில எறக்குவாங்களா?"

அந்த மலையில் வழியில் தூளி தரையைத் தொட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ரோடு வேணும்ல மச்சான்?"

"வேணும். அதுக்காக? எந்தங்கச்சியையே நான் ஆட்டாமத்தான் கொண்டாந்தேன்."

அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது. "நீ நவுரு" என்று பின்கம்பைத் தூக்கியவனை விலக்கிவிட்டு அர்த்தனாரியே தோளைக் கொடுத்தார். நானே ஆட்டுகிறேன் என்று மனதில் கறுவிக்கொண்டார்.

முதல் திருப்பத்தில் ஆட்டப் பார்த்தார். தோள் கேட்கவில்லை. இரண்டாவது திருப்பத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். காலாவது கேட்கவேண்டுமே. அது பாட்டுக்கு எந்தக் கல் அசையும், எந்தக் கல் அசையாது என்று பார்த்துப் பார்த்து வைத்தது. கம்பின் கனம் தோளில் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. நாவல் மரத்தைத் தாண்டும்போது மச்சானும் மாப்பிள்ளையும் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாத நடை நடந்தார்கள். யாரும் மரத்தைப் பார்க்கவில்லை.

தூளிக்குள்ளிருந்து மார்த்தா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"என்னங்க?"

"ஜீப்பைவிட இது சொகமா இருக்குதாம்," என்றாள் பானுமதி, தரையைப் பார்த்துக்கொண்டு.

மார்த்தா இப்போது வலது கணுக்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். அர்த்தனாரி அதைக் கவனித்தார். வலி கால் மாறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

டீக்கடை முன்னால் இறக்கினார்கள். மார்த்தா எழுந்தாள். எல்லோருடைய கையையும் பிடித்துக் குலுக்கினாள். பழனிமுத்துவின் தோளைத் தட்டிக் கொடுத்தாள். பூட்ஸ் சரளையில் நறநறக்க, விறுவிறுவென்று நடந்து போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். பானுமதி அர்த்தனாரியின் முகத்தைப் பார்க்காமல் மறுபக்கமாகச் சுற்றிப் போய் ஏறினாள்.

டிரைவர் சதீஷ்குமார் மட்டும் மிச்ச டீயைக் குடித்துக்கொண்டு நின்றான்.

"தம்பி, அந்தம்மாவுக்குக் கால் தேவலையா? ரோட்டைப் பத்தி வண்டியில ஏதாச்சும் பேசினாங்களா?"

சதீஷ்குமார் டம்ளரை வைத்துவிட்டு வாயைத் துடைத்தான்.

"கால்ல ஒண்ணுமில்லீங்ணா, கால் வலின்னு சொல்லித் தூளியில ஏறிப் பார்க்கோணும்னு வர்றப்பவே வண்டியில பேசிக்கிட்டாங்க, ரோடு கேட்டா கவர்மெண்டோட சண்டை வருமாம், அதனால ஊரூருக்குத் தூளி குடுக்கப் போறாங்க, உங்க ஊட்டுக்காரம்மா பேரு போட்ட மொதத் தூளி உங்க புள்ள பிரசவத்துக்கு முன்னாடியே வந்துருமுங்க."