மூன்று படங்களுக்கு அம்மாவின் விளக்கம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் இங்கே நலம். என் பற்களும் நலம். அதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்பது போகப்போகப் புரியும். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா? உன் நாத்தனாரும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். அவருடைய கண்பார்வை பிரமாதமாக இருக்கிறது. தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டு, மூன்று படம் எடுத்து, மூன்றிலும் என் முகம் தெளிவாக விழும்படி எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறார் என்றால் சும்மாவா? அவருக்கு என் அன்பைச் சொல்.

இதை ஏன் கடிதமாக எழுதுகிறேன் என்றால், போனில் நீ என்னைப் பேச விடவில்லை. "யாரும்மா அந்த ஆளு?" என்று ஆரம்பித்து மூச்சுவிடாமல் பதினேழு கேள்வி கேட்டாய். எதற்கும் பதில் சொல்ல இடம் தரவில்லை. கடைசியில், "அப்பா இருந்திருந்தா இப்படி நடக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அப்பா போய் ஏழு வருஷம் ஆகிறது. அவர் இருந்திருந்தால் நான் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். அவர் வந்திருக்க மாட்டார் என்பது வேறு விஷயம். "அங்க போய் என்னத்தப் பாக்கப்போற, கடைதானே?" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்திருப்பார். மூன்று நாளாக நீ போனை எடுக்கவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பொறுமையாகப் படி. மாப்பிள்ளைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டாதே.

முதலில் ஒன்று. இதற்கெல்லாம் மூல காரணம் நீ. "ரிடையர் ஆயிட்டேன்னு வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்காதம்மா. சனி ஞாயிறு அந்தப் பழைய கிடங்குத் தெருப் பக்கம் போ. ஓவியக் கடை, சாப்பாட்டுக் கடைன்னு நல்லாப் பொழுது போகும்" என்று சொன்னது யார்? சொன்ன பேச்சைக் கேட்கிற அம்மா எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

சனிக்கிழமை காலை பஸ் ஏறிப் போனேன். ஒரு காலத்தில் லாரிகளும் மூட்டை தூக்குகிறவர்களும் தவிர யாரும் எட்டிப் பார்க்காத தெருக்கள் அவை. இப்போது கிடங்குக்கு ஒரு கடை. இரும்பு ஷட்டர் முழுக்கப் படம் வரைந்திருக்கிறார்கள். ஷட்டரை முழுசாகத் தூக்கினால் படம் சுருண்டு மறைந்துவிடும் என்பதால் பாதி தூக்கி வைத்துவிட்டு, வருகிறவர்களைக் குனிந்து வரச் சொல்கிறார்கள். நானும் குனிந்து ஒரு கடைக்குள் போனேன். அவ்வளவு பெரிய கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி. கால் வலித்தது, உட்கார்ந்தேன். "ஐயோ, அது விக்க வச்சிருக்கிறதுங்க!" என்று கடைக்காரி ஓடி வந்தாள். "நாற்காலியில உக்காரக் கூடாதா?" என்றேன். "வாங்கினப்புறம்கூட உக்காராம இருக்கிறதுதான் அதுக்கு நல்லது" என்றாள். பக்கத்துக் கடையில் சட்டைகள் தொங்கின. எல்லாவற்றிலும் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. தையற்காரர் அளவைத் தவறவிட்டார் போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டுச் சொன்னேன். அவர்தான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அதற்கடுத்து வரிசையாக வாசனை மெழுகுவர்த்திக் கடைகள். நான் எண்ணியவரை பதினான்கு.

பசி எடுத்தது. மாடிப்படி ஓரமாக இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையின் வாசலில் கரும்பலகை வைத்திருந்தார்கள். அதில் சாக்பீஸில் அழகாக எழுதியிருந்தது: "எலுமிச்சையுடன் வருத்த மீன்." நான் என்ன செய்யட்டும், சொல். முப்பத்தோரு வருஷம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவள். மீனை வறுக்கலாம், வருத்தலாமா? பலகையின் ஓரத்தில் சாக்பீஸ் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அந்த 'ரு'வை விரலால் அழித்து 'று' போட்டேன். போட்டு முடிப்பதற்குள் ஏப்ரன் கட்டிய சமையற்காரி வெளியே வந்துவிட்டாள். "அம்மா, அது வேணும்னே எழுதினது" என்றாள். "மீன் எதுக்கும்மா வருத்தப்படணும்?" என்றேன். "மீனோட இடத்துல இருந்து கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" என்றாள். எனக்கு வாய் பிளந்துவிட்டது. அப்போது வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு மனிதர் என் வாயையே உற்றுப் பார்த்துவிட்டு, "மேல் வரிசை, இடது பக்கம், கடைவாயில ரெண்டாவது. அந்த அடைப்பு நான் வச்சதுதானே?" என்றார்.

நம் பல் டாக்டர்! எனக்கு அடையாளமே தெரியவில்லை. இருபது வருஷமாக அவரை முகமூடிக்கு மேலே இரண்டு கண்ணாகத்தான் பார்த்திருக்கிறேன். கீழே ஒரு மூக்கும் மீசையும் இருக்கும் என்று நான் யோசித்ததே கிடையாது. அவருக்கும் என் முகம் ஞாபகமில்லையாம். பல்லை வைத்துத்தான் கண்டுபிடித்தாராம். உன் பதினேழு கேள்வியில் முதலாவதுக்குப் பதில் இது. யாரோ ஊர் பேர் தெரியாத ஆள் இல்லை. உனக்கே ஏழாம் வகுப்பில் பல் பிடுங்கியவர்தான். நீ அவர் விரலைக் கடித்தாய். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, காட்டினார்.

அந்தக் கடையில் மொத்தம் ஆறு மேஜை. அதில் ஒன்றின் மேல் பூனை. நாலில் ஆட்கள். மிச்சம் ஒன்றுதான் காலி. ஆகவே நாங்கள் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தது இடநெருக்கடியால் என்பதைக் குறித்துக்கொள். அவர், "இத்தனை வருஷம் வைத்தியம் பாத்திருக்கேன், உங்க குரல் இப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது" என்றார். "நீங்க பேச விட்டாத்தானே? வாய்க்குள்ள ரெண்டு கையையும் விட்டுக்கிட்டு, வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு கேப்பீங்க. நான் 'ஆ'ம்பேன்" என்றேன். "சௌக்கியம்னு எடுத்துக்குவேன்" என்றார். "எங்க வீட்டுக்காரர் தவறிப்போன வருஷமும் 'ஆ'ன்னுதான் சொன்னேன்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. அவர் சூப் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, "இப்ப சொல்லுங்க. வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் உன்னைப் பற்றிச் சொன்னேன், குட்டி நடக்க ஆரம்பித்ததைச் சொன்னேன், அப்பாவின் கடைசி மாதத்தைச் சொன்னேன், நாலு அறை வீட்டில் மூன்று விளக்கை ஏற்றாமலே இருப்பதைச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை அந்த மனிதர் கரண்டியைத் தொடவில்லை. சூப் ஆறி ஏடு கட்டிவிட்டது. அவர் மனைவி போய் ஒன்பது வருஷமாம். ஒரு மகன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணி, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பானாம். அது உன் ஏழாவது கேள்விக்குப் பதில்.

சரி, படங்களுக்கு வருகிறேன். ரொட்டி வந்தது. மேலே ஏதோ விதைகள் தூவி, கருங்கல் மாதிரி. "இடது பக்கமா கடிக்காதீங்க" என்று அவர் சொல்வதற்கும் நான் கடிப்பதற்கும் சரியாக இருந்தது. டொக் என்று சத்தம். அடைப்பு கழன்று தட்டில் விழுந்தது. பூனை எழுந்து பார்த்தது. டாக்டர் என்றால் சும்மா இருப்பாரா? போன் விளக்கைப் போட்டுக்கொண்டு, நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, "ஆ காட்டுங்க" என்றார். காட்டினேன். என் தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நெருங்கிக் குனிந்து பார்த்தார். அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கிற ஒருவருக்கு என்ன தோன்றும்? முதல் படத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நீயே யோசி. வயசான காலத்தில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று திட்டுவதற்கு முன்னால், அது வைத்தியம் என்று நினைத்துப் பார்.

வலிக்கு ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விட்டால் திங்கட்கிழமைவரை தாங்கும் என்றார். அந்தத் தெருக்களில் மருந்துக் கடை என்று ஒன்று கிடையாது. இரண்டு மணி நேரம் தேடினோம். ஒரு மெழுகுவர்த்திக் கடையில் கிராம்பு வாசனை போட்டது ஒன்று இருந்தது; வாயில் வைக்க முடியாது என்று டாக்டர் அதை விளக்கமாக எடுத்துச் சொல்லி, கடைக்காரரிடம் திட்டு வாங்கினார். மழை பிடித்துக்கொண்டது. குடை ஒன்று, ஆள் இரண்டு. குடையைப் பாதியாக நறுக்கவா முடியும்? இரண்டாவது படத்துக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு மண்பாண்டம் சொல்லித்தருகிற கூடம். சடை போட்ட ஒரு மாஸ்டர், "சும்மா நிக்க இடமில்லைங்க, உள்ள வந்தா மண்ணுல கை வைக்கணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். சக்கரமும் ஒன்றுதான் காலி. மழை விடவில்லை, மாஸ்டரும் விடவில்லை. களிமண் வழுக்குகிற வழுக்கலில், ஒரு கை பிடித்தால் போதாது, நாலு கை வேண்டும் என்று அவரே சொன்னார். சொல்லிக்கொடுக்கிறவர் பேச்சைக் கேட்க வேண்டாமா? மூன்றாவது படத்தைப் பார்க்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள். நான் செய்தது கிண்ணம் மாதிரி ஆரம்பித்துத் தட்டு மாதிரி முடிந்தது. டாக்டர் செய்தது என்ன செய்தாலும் வாய் கொப்பளிக்கிற கப்பாகவே வந்தது. மூன்று தரம் பிசைந்து போட்டு மறுபடி செய்தார். மூன்று தரமும் அதே கப். நான் சிரித்ததில் பல் இன்னும் வலித்தது.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை மறுபடி எதுக்குப் போனே?" என்பது உன் பதினாலாவது கேள்வி. மண் காய வேண்டாமா? அதை எடுத்துக்கொண்டு வரத்தான் போனேன். அவரும் அவருடைய கப்பை எடுக்க வந்திருந்தார். போனால், மாஸ்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அலமாரியில் வைத்து, கீழே ஓர் அட்டையை நிறுத்தியிருக்கிறார்: "தம்பதியர் கைவண்ணம்." பத்துப் பேர் வந்து பார்த்துப் போகிற இடம்! "இதுல பிழை இருக்கு" என்றேன். டாக்டர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "எழுத்தெல்லாம் சரியாத்தானே இருக்கு? ரெண்டு 'ண'கூடச் சரியாப் போட்டிருக்காரே" என்றார். "எழுத்துப்பிழை இல்ல, பொருட்பிழை" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அது அவ்வளவு அவசரமாத் திருத்த வேண்டிய பிழைங்களா?" என்று கேட்டார்.

என் வாய் திறந்திருந்தது, அவ்வளவுதான். அட்டையை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன், ஜனங்கள் ஏமாறக் கூடாது என்பதற்காக. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். திங்கட்கிழமை பல் அடைத்தாயிற்று.

ஆக, நடந்தது இவ்வளவுதான். ஒரு கல் ரொட்டி, ஒரு மழை, கொஞ்சம் களிமண். இதற்கா மூன்று நாள் போனை எடுக்காமல் இருப்பாய்?

குட்டிக்கு என் சார்பில் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடு. பால் குடித்துவிட்டுத் தூங்கப் போகும் முன் பல் தேய்த்துவிடு. மாப்பிள்ளையை எடை தூக்க வேண்டாம் என்று சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு, நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
எதையும் மறைக்காத
உன் அம்மா

பி.கு.: கையெழுத்துப் போட்டபின் பழக்கதோஷத்தில் கடிதத்தை ஒருமுறை சரிபார்த்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆனால் எங்கேயும் தேதி போடவில்லை, கவனித்தாயா? அது போன வருஷத்துச் சனி ஞாயிறு. உன் நாத்தனார் எங்களைப் பார்த்தது போன வாரம். நடுவில் எத்தனை சனி ஞாயிறு வந்தது என்று நீயே எண்ணிக்கொள். ஒன்றையும் நாங்கள் தவறவிடவில்லை. அந்தப் படங்களை மறுபடி பார். முதல் படத்தில் நான் வாயைத் திறந்திருப்பது பல்லுக்காக இல்லை, சிரிக்கிறேன். இரண்டாவதில் குடைக்குள் நிற்கிறோம், தரை காய்ந்து கிடக்கிறது. மூன்றாவதில் சக்கரத்தில் இருப்பது பூச்சாடி. இப்போது நன்றாகவே வருகிறது. அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பதிவு அலுவலகத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள். "பொண்ணுகிட்ட நானே வந்து கேக்கட்டுமா?" என்று அவர் நாலு நாளாக நச்சரிக்கிறார். நானே எழுதிக் கேட்கிறேன் என்றேன். அதைக் கேட்க உட்கார்ந்துதான் இத்தனை பக்கம் ஓடிவிட்டது. உனக்குச் சம்மதம்தானே? கடிதம் கிடைத்ததும் கூப்பிடு. திட்டுவதற்காக இருந்தாலும் பரவாயில்லை, கூப்பிடு.