துளசிங்கத்தின் திறந்த மூலம்

சூரனை அடித்துவிட்டு வந்த முருகனுக்கே கோபம் தணிந்த மலை திருத்தணி. அந்த மலையின் அடிவாரத்திலேயே பிறந்து, வளர்ந்து, கல்யாணமும் பண்ணிக்கொண்ட துளசிங்கத்துக்கு மட்டும் ஒரு நாளும் தணிந்ததில்லை. காபி சூடாக இருந்தால் கோபம். ஆறியிருந்தால் அதைவிடக் கோபம். பதமாக இருந்தால், குறை சொல்ல ஒன்றும் இல்லையே என்று கோபம்.

பேனர் கடையில் டிசைனராக இருந்தவன். ஒரு கல்யாணப் பேனரில் மாப்பிள்ளை முகத்தைவிட வார்டு கவுன்சிலர் முகம் பெரிதாக இருக்க வேண்டும் என்று முதலாளி சொன்னார். மவுஸை மேஜைமேல் அடித்துவிட்டு அன்றே வெளியே வந்துவிட்டான். வந்தவன் வீட்டின் தெருப்பக்க அறையைப் பிடித்துக்கொண்டான். அங்கே கம்ப்யூட்டரை வைத்து, ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு, இனிமேல் இணையத்தில் தொட்டால் அசையும் படங்கள் செய்வதுதான் தன் தொழில் என்று அறிவித்தான். மயிலைத் தொட்டால் தோகை விரியும். வேலைத் தொட்டால் மின்னும். சேவலைத் தொட்டால் கூவும். வாடிக்கையாளரைத் தொடத்தான் வழி தெரியவில்லை.

அந்த அறைமேல் அவன் பெண்டாட்டி கனிமொழிக்கும் கண். அவள் பின்கட்டுச் சமையலறையில் சமைத்து, தாலுகா ஆபீசுக்கும் பேங்குக்கும் கேரியரில் சாப்பாடு அனுப்புகிறவள். தெருவோ பஸ் ஸ்டாண்டிலிருந்து மலைக்குப் போகிற வழி. தெருப்பக்கம் நாலு டேபிள் போட்டால் போகிற ஜனம் நின்று சாப்பிட்டுவிட்டுப் போகும். இதை அவள் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டாள். ஒரு நாள் மறுபடியும் சொன்னாள்.

"உங்க பொம்மைக்கு ஃபேன் காத்து. நான் உள்ளே அடுப்புல கருகிகினு கீறேன். இது நியாயமாங்க?"

"பொம்மைன்னு சொல்லாதே. எனக்குக் கெட்ட கோபம் வரும்."

"நல்ல கோபம்னு ஒண்ணு உங்களுக்கு வந்து நான் பார்த்ததே இல்லையே. சரி, நாளெல்லாம் அதுல என்னதான் பண்றீங்க?"

"கோடு எழுதறேன்."

"நானும்தான் தினம் விடிஞ்சதும் வாசல்ல கோடு போடறேன். அதுக்கு யாரும் எனக்கு ரூம் கொடுக்கலையே."

"அது கோலம். இது நிரல். நிரல்னா கம்ப்யூட்டருக்கு நாம போடற கட்டளை. இதைச் செய்யற சாமான் ஒண்ணுகூட நான் காசு கொடுத்து வாங்கலை, தெரியுமா? வரையறதுக்கு ஒண்ணு, அசைக்கறதுக்கு ஒண்ணு, எல்லாமே ஓப்பன் சோர்ஸ். தமிழ்ல சொன்னா திறந்த மூலம். எவனோ ஒரு புண்ணியவான் செஞ்சு, உள்ளே என்ன கீதுன்னு ஊருக்கே திறந்து வெச்சிருக்கான். யார் வேணாலும் எடுத்துக்கலாம். இஷ்டத்துக்கு மாத்திக்கலாம். செஞ்சவன் பேரை மட்டும் எடுக்கக் கூடாது. நானும் என் வேலையெல்லாம் அப்படித்தான் திறந்து போட்டிருக்கேன்."

கனிமொழி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் யோசித்தால் வீட்டுக்கு நல்லதில்லை என்று துளசிங்கத்துக்குத் தெரியும். ஆனால் தன் தொழிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் அவனுக்குக் கண் தெரியாது.

"எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், பேரை எடுக்கக் கூடாது. அவ்ளோதானே?"

"அவ்ளோதான். பரவாயில்லையே, உனக்குக்கூடப் புரிஞ்சுதே."

"எனக்குப் புரிஞ்சு என்ன பண்ண. ஊருக்குத் தெரியலையே. ஒரு போர்டு வையுங்க. இங்கிலீஷ்ல வேணாம், முருகன் ஊரு, தமிழ்ல வையுங்க. அந்த மூலம்கிற எழுத்தை மட்டும் நல்லாப் பெருசாப் போடுங்க. திருப்பதி பஸ்ல போறவனுக்கும் தெரியணும்."

தமிழ் என்றதும் துளசிங்கத்தின் நெஞ்சு நிமிர்ந்தது. பெண்டாட்டி வாயிலிருந்து ஒரு நல்ல யோசனை வந்துவிட்டதே என்று கொஞ்சம் கோபமும் வந்தது.

"போர்டு வெச்ச பிறகு இந்த ரூம் பேச்சை நீ எடுக்கக் கூடாது."

"எடுக்கலை. ஆடிக் கிருத்திகை வரைக்கும் பார்ப்போம். யாரைத் தேடி ஜனம் வருதோ அவங்களுக்கு ரூம். சம்மதமா?"

"முருகன்மேல சத்தியமா சம்மதம்" என்று அவன் மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

போர்டை அவனே வடிவமைத்தான். சிவப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து. 'துளசிங்கம்' என்று மேலே. நடுவில், வாசலையே அடைத்துக்கொண்டு, 'திறந்த மூலம்'. அதன் கீழே 'ஒளிவு மறைவு கிடையாது. தொட்டால் அசையும்.' படங்கள் என்ற வார்த்தைக்கு இடம் போதவில்லை. புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட்டான்.

புரிந்துகொள்ளத்தான் செய்தார்கள். முதலில் வந்தவர் கனகம்மாசத்திரம் பச்சையப்பன், நிலம் நீச்சுள்ள பெரியவர். உள்ளே வந்தவர் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"வாங்க, உட்காருங்க" என்றான் துளசிங்கம்.

"உட்கார முடிஞ்சா நான் ஏன் நைனா இங்க வரேன்."

பெரியவர் ரொம்ப அவசரத்தில் இருக்கிறார் என்று துளசிங்கம் நினைத்தான். கரும்புக்காரர், ஆலைக்கு லோடு போகிற நேரமாக இருக்கும்.

"உனக்கு இது எவ்ளோ நாளா?" என்றார் பெரியவர்.

"வருஷக் கணக்கா இதேதாங்க. தூக்கம் கிடையாது. ஆரம்பத்துல பட்ட அவஸ்தை கொஞ்ச நஞ்சமில்லை."

"ஐயோ பாவம். ரத்தம் வருமா?"

"ரத்தம் சிந்தாம எதுங்க வருது."

"அதுவும் சரிதான். இல்லே நைனா, ஊர்ல எல்லாரும் இதை மூடி மறைப்பாங்க. நீ திறந்ததுன்னு போட்டுகினு கீறியே?"

"அதாங்க இதுல விசேஷம். மூடி வெச்சா வியாபாரம், திறந்து வெச்சா தர்மம். என்னுது மொத்தமும் திறந்துதான் கிடக்குது. யார் வேணாலும் பார்க்கலாம்."

"யார் வேணாலுமா?"

"ஆங். அமெரிக்காக்காரன் பார்க்கறான், ஜப்பான்காரன் பார்க்கறான். பார்த்துட்டு சும்மா போறதில்லை. கைய வெச்சு அங்கங்கே மாத்திட்டும் போறான்."

பச்சையப்பன் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் போனார்.

"லேடீஸுமா?"

"இப்போ லேடீஸ்தாங்க இதுல அதிகம். அது கிடக்கட்டும், நீங்க உங்களுதைக் காட்டுங்க. எங்கெங்கே கை வெக்கணும்னு பார்த்துடுவோம்."

சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த மனுஷர், எதையும் பிடிக்காமல் ஓடினார். வாசலில் கனிமொழி அவரை மடக்கினாள். "பெரியவரே, கோவிச்சுக்காதீங்க. பின்பக்கமா வாங்க. கருணைக்கிழங்கு மசியல் வெச்சிருக்கேன், துத்திக்கீரைக் கடைசல் வெச்சிருக்கேன். நின்னுகினே சாப்பிடலாம்." மூலத்துக்கு நல்லது என்று ஊர் சொல்லும் கருணைக்கிழங்கை அன்றைக்கு மட்டும் ஏன் அவள் வேகவைத்திருந்தாள் என்று துளசிங்கம் கேட்கவில்லை. கேட்கிற புத்தி இருந்தால் அவன் ஏன் கோபக்காரனாக இருக்கிறான்.

அப்புறம் வரிசையாக வந்தார்கள். திருவாலங்காட்டிலிருந்து ஒருவர் உட்காருவதற்குத் தானே தலையணை கொண்டுவந்தார். ஒரு பஸ் டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "ஊசியா, ஆபரேசனா?" என்று ஜன்னல் வழியாகவே கேட்டார். ஒருவருக்கும் மயில் வேண்டாம், சேவல் வேண்டாம். சாயங்காலம் பக்கத்து வீட்டு வரதராஜன், ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், மதில்மேல் தலையை நீட்டினார்.

"தம்பி, இவ்ளோ நாளா சொல்லவே இல்லையே. வெந்நியில உட்காரு. ஆனா இதையெல்லாம் போர்டு போட்டா ஊருக்குச் சொல்வாங்க?"

அப்போதுதான் துளசிங்கத்துக்கு உறைத்தது. உறைத்ததும் பற்றிக்கொண்டது.

"எனக்கு மூலம் இல்லைங்க" என்று தெருவே கேட்கக் கத்தினான்.

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க" என்றார் வரதராஜன்.

போர்டைக் கழற்றிவிடலாம்தான். கழற்றினால் தோற்றதாக ஆகிவிடும், அறை போய்விடும். அதுவுமில்லாமல் போர்டில் என்ன தப்பு? தமிழ் சரி, பொருள் சரி. ஊர்தான் தப்பு. மூலம் என்றாலே இந்த ஜனத்துக்குப் புத்தி கீழேதான் போகிறது என்று கொதித்தான். ஊருக்கே பாடம் நடத்துவது என்று முடிவு செய்தான்.

அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வரைய உட்கார்ந்தான். நாற்காலியில் ஒரு மனிதன். யார் முகத்தைப் போடுவது? அடுத்தவன் முகத்தைப் போட்டால் சண்டைக்கு வருவான். தன் முகத்தையே போட்டான், மீசையோடு. திரையில் அந்த மனிதனைத் தொட்டால் எழுந்து நிற்பான். மேஜைமேல் இருக்கும் பெட்டியைத் தொட்டால் மூடி திறக்கும், உள்ளிருந்து பல்சக்கரங்கள் பறந்து வரும், ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ள நாலு கை நீளும். கடைசியில் மனிதன் கையை ஆட்டி, 'இது வேற மூலம்' என்பான். ஒவ்வொரு அசைவையும் பார்த்துப் பார்த்து இழைத்தான். உண்மையில் நன்றாகத்தான் இருந்தது.

கனிமொழி டீ கொண்டுவரும்போதெல்லாம் பக்கத்தில் நின்றாள்.

"இந்தக் கோடு எதுக்குங்க?"

"அதுதான் அவன் மூஞ்சியை மாத்தறது. இப்போ சிரிக்கறான் பார்."

"அழணும்னா?"

"அந்த ஒரு வார்த்தையை மாத்தினா அழுவான். உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"சும்மாத்தாங்க" என்று டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். பெண்டாட்டி தன் தொழிலை மதிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று துளசிங்கம் கொஞ்சம் நெகிழ்ந்துகூடப் போனான். வேலை முடிந்ததும் மொத்த நிரலையும் வழக்கம்போல இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்தான். பழைய டிவியை வாசல் ஜன்னலில் பொருத்தி, தொடுவதற்குக் கம்பியில் ஒரு டேப்லெட்டைக் கட்டினான். மறுநாள் ஆடிக் கிருத்திகை. முருகனை முதலில் பார்த்துவிட்டு வந்து ஊரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று விடிகாலையிலேயே மலையேறிவிட்டான்.

தரிசனம் முடிந்து இறங்கி வந்தபோது தன் வீட்டு வாசலை அவனால் நெருங்க முடியவில்லை. காவடிக் கூட்டம் மொத்தமும் அங்கேதான் நின்றது. ஒரே சிரிப்பு. ஜனம் என்னைத் தேடி வந்துவிட்டது என்று மீசையை முறுக்கிக்கொண்டான். முண்டியடித்து முன்னால் போய் டிவியைப் பார்த்தான்.

நாற்காலியில் அவன்தான் இருந்தான். யாரோ தொட்டார்கள். திரைத் துளசிங்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முகம் கோணி, துள்ளி எழுந்து கண்ணீர் விட்டான். பெட்டியைத் தொட்டார்கள். மூடி திறந்தது. பல்சக்கரம் வரவில்லை. ஆவி பறக்கக் கருணைக்கிழங்கு மசியல் தட்டு வந்தது. நாலு கையும் ஊட்டிவிட்டன. சாப்பிட்ட திரைத் துளசிங்கம் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்து, மீசையைத் தடவி, சிரித்தான். கூட்டம் கை தட்டியது. படத்துக்கு அடியில், கொட்டை எழுத்தில், 'மூலம்: துளசிங்கம்'.

உள்ளே அவனுடைய அறையில் நாலு டேபிள். அதில் உட்கார்ந்தும், உட்கார முடியாதவர்கள் நின்றும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "கனிமொழியக்கா, இங்க ஒரு மசியல்" என்று குரல் மேல் குரல்.

துளசிங்கம் கரண்டியோடு நின்ற பெண்டாட்டியின் கையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தான். கோபத்தில் அவனுக்கு வார்த்தை குழறியது.

"யாரு இப்படி மாத்தினது?"

"நான்தான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பொண்ணு பார்க்க வந்தப்பவே எங்க நைனா சொன்னாரே, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ்னு. நீங்க கேசரியிலேயே கவனமா இருந்தீங்க."

"என் படத்தை எடுத்து என் மானத்தையே வாங்கிட்டே நீ."

"எடுத்துக்கலாம், மாத்திக்கலாம்னு சொன்னது நீங்கதானே."

"பேரையாவது எடு."

"அதுமட்டும் கூடாதுன்னு சொன்னதும் நீங்கதான். நான் ரூலை மீற மாட்டேங்க."

"மூலத்துக்கு மருந்துன்னு சொல்லி ஊரை ஏமாத்தறியே, பாவம் இல்லையா?"

"மருந்துன்னு நான் எங்கேங்க சொன்னேன்? மசியல்னுதான் சொன்னேன். போர்டு வெச்சது யாரு?"

போர்டு. தமிழ்ல வையுங்க. மூலம் மட்டும் பெருசாப் போடுங்க. அத்தனையும் இவள் வாயிலிருந்து வந்தது என்று துளசிங்கத்துக்கு அப்போதுதான் புரிந்தது. இந்தக் கூட்டத்துக்கு நடுவே போய், எனக்கு மூலமே கிடையாது, இதெல்லாம் என் பெண்டாட்டியின் சூது என்று கத்திவிட வேண்டும் என்று அவன் உடம்பு முழுக்கத் துடித்தது. ஒரு கத்தல் போதும், கூட்டம் கலைந்துவிடும்.

"என் கம்ப்யூட்டர் எங்கே?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இப்போதைக்கு விறகுக் கொட்டாயில கீது" என்றாள் கனிமொழி. அவள் குரலில் இத்தனை நாள் அடுப்படியில் வெந்த கோபம் மொத்தமும் இருந்தது. "யாரைத் தேடி ஜனம் வருதுன்னு நீங்களே பாருங்க. சத்தியம் பண்ணீங்க, ரூம் என்னுது. நீங்க கத்தி ஜனத்தைக் கலைச்சீங்கன்னா, கம்ப்யூட்டர் கொட்டாயிலேயே கிடக்கும். ஒழுங்கா இருந்தீங்கன்னா, அதோ அந்த ஜன்னல் மூலையில ஒரு சின்ன டேபிள் போட்டுத் தரேன். மூலம் உங்களுது, மூலையும் உங்களுது."

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கனகம்மாசத்திரம் பச்சையப்பன் வந்துவிட்டார். கையில் தட்டு, பின்னால் அவர் கூட்டிவந்த சொந்தக்காரர்கள். டிவியைப் பார்த்தார். துளசிங்கத்தின் மீசையைப் பார்த்தார். அவன் தோளில் பாசத்தோடு கை வைத்தார்.

"நீதானா நைனா அது? கூச்சப்படாம சொல்லு, எத்தினி வேளை துன்னா நிக்கும்?"

தெருவே அவன் வாயைப் பார்த்தது. கனிமொழி ஜன்னல் மூலையைப் பார்த்தாள். துளசிங்கம் ஒரு தரம் மலையை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னான்:

"மூணே வேளைங்க. இப்போ சூப்பரா உட்கார்றேன்."