தலையாட்டினால் திருப்பவும்

பொருள்: உலகப்புகழ் மேதையின் பியானோக் கச்சேரியில் நான் பக்கம் திருப்பியது – அதன்பின் நடந்தவை – விளக்கம் அளித்தல் – தொடர்பாக.

வயிற்றில் ஒன்பது தையலோடு மல்லாந்து படுத்திருக்கும் என் அன்பு மைத்துனருக்கு, உங்கள் அக்காள் கணவன் ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அக்காவும் சௌக்கியம். அங்கு நீங்களும் ஒன்பது தையல்களும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறோம். சிரித்தாலும் கோபப்பட்டாலும் தையல் பிரிந்துவிடும் என்று மருத்துவர் எச்சரித்ததாகக் கேள்விப்பட்டேன். ஆகவே இக்கடிதத்தைச் சிரிக்காமலும் கோபப்படாமலும் படிக்கவும். அழலாம். அழுதால் தையலுக்கு ஒன்றும் ஆகாது என்று செவிலியரிடம் தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன்.

நடந்ததில் என் தப்பு பாதி, உங்கள் குடல்வாலின் தப்பு பாதி. ஆறு வருடமாக அந்த இசை அரங்கத்தில் தற்காலிக மேலாளர் என்ற பெயரில் நாற்காலி துடைப்பதிலிருந்து திரை இழுப்பது வரை ஒற்றை ஆளாகச் செய்து நாயாய் உழைத்தீர்கள். கடைசியில் அரங்கத் தலைவரே, "இந்த மேதையோட கச்சேரி ஒரு குறை இல்லாம முடியட்டும், உன்னை நிரந்தரமாக்குற உத்தரவுல அடுத்த நாளே கையெழுத்துப் போடுறேன்" என்று சொல்லும்படி செய்தீர்கள். கச்சேரிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பார்த்துக் குடல்வால் வீங்கிவிட்டது. அது போதாதென்று, வழக்கமாகப் பக்கம் திருப்பும் இசை ஆசிரியை பேருந்துக் கதவில் கட்டைவிரலைக் கொடுத்துவிட்டார். அப்போது நீங்கள் கட்டிலில் இருந்தபடி தொலைபேசியில் முனகியது நினைவிருக்கிறதா? "அத்தான், பதிவேட்டு ஆபீஸ்ல முப்பத்து மூணு வருஷம் அதிகாரிக்குப் பக்கம் திருப்பினவரு நீங்க. உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா? அவர் தலையை ஆட்டினா திருப்புங்க, அவ்வளவுதான்." இந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லைத்தான் என் தரப்பின் முதல் சாட்சியாக இங்கே நிறுத்துகிறேன்.

உங்கள் அக்கா அப்போதே தடுத்தாள். "ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷமா செய்தித்தாள்ல பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் போட்டுட்டு இருக்கீங்க. அங்க போயி என் தம்பி சோத்துல மண்ணைப் போட்டுடாதீங்க" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அலமாரியிலிருந்து என் பழைய ஈரப் பஞ்சு டப்பா, ரப்பர் விரலுறை, சிவப்புப் பென்சில், காகிதத்தில் துளை போடும் கருவி, நாடா வைத்த கோப்பு அட்டை எல்லாவற்றையும் தூசி தட்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, மகளின் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டையும் மாட்டிக்கொண்டு, கச்சேரிக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்தேன்.

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கே கண்ணாடி, குழாய், உடைந்த நாற்காலி, இவற்றோடு அந்த மேதை. ஒட்டகச்சிவிங்கிக்குக் கருப்புக் கோட்டு மாட்டிய மாதிரி உயரம். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. பியானோவுக்குச் சுருதி கூட்டுகிறவருக்கு மட்டும் இரண்டும் தெரியும். அவர்தான் நடுவில் நின்று, "ஐயா, ரொம்பச் சுலபம். அவர் தலையை ஆட்டினா திருப்புங்க. ஆட்டலைன்னா சும்மா இருங்க" என்றார். நான் நோட்ஸ் கட்டைக் காட்டச் சொன்னேன். காட்டினார்கள். மாப்பிள்ளை, என் வயிறு எரிந்துவிட்டது. ஐம்பத்தாறு தாள், எல்லாம் உதிரி. நாடா இல்லை, அட்டை இல்லை, இதுவரை உலகம் முழுக்க எத்தனையோ பேர் திருப்பியிருக்கிறார்கள், ஒருவர்கூட ஓரத்தில் சுருக்கொப்பம் போடவில்லை! இப்படிப்பட்ட கட்டை எங்கள் அலுவலகத்தில் வாசல் காவலாளிகூட உள்ளே விடமாட்டார். நான் உடனே அத்தனையும் தட்டி அடுக்கி, துளை போட்டு, என் கோப்பு அட்டையில் கோத்து வைத்தேன். துளை போட்ட சத்தம் கேட்டதும் மேதை சுவரைப் பிடித்துக்கொண்டார். மகிழ்ச்சி என்றுதான் நினைத்தேன்.

சரியாக ஆறரைக்குத் திரை விலகியது. அரங்கம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் நடுநாயகமாகத் தலைவர், அவர் மடியில் நிகழ்ச்சி நிரல். மேதை உட்கார்ந்தார், நான் அவருக்கு இடப்பக்கம் முக்காலியில் உட்கார்ந்து விரலுறையை மாட்டிக்கொண்டேன். இங்கே எங்கள் அலுவலக நடைமுறையை உங்களுக்கு விளக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் என்னைப் பைத்தியம் என்பீர்கள். அதிகாரி பக்கத்தைப் பார்ப்பார். பார்த்ததற்கு அடையாளமாகத் தலையாட்டுவார். நான் உடனே வலது கீழ் மூலையில் சுருக்கொப்பம் போட்டுத் திருப்புவேன். கையெழுத்து வேண்டிய இடம் வந்தால் அவர் கை தானாகப் போட்டுவிட்டுப் போகும், என்ன ஏது என்று பார்க்கமாட்டார். அப்படித் தாண்டிய பக்கத்தை மேலிடத்து உத்தரவில்லாமல் யாரும் மறுபடி திறக்க முடியாது. எத்தனையோ அதிகாரிகள் மாறினார்கள், இந்த விதி மாறவில்லை.

மேதை கண்ணை மூடி இரண்டு கையையும் பியானோக் கட்டைகளின் மேல் வைத்தார். முதல் சத்தம் எழும்பியதுமே தலையாட்டினார். சுருக்கொப்பம் போட்டுத் திருப்பினேன். மறுபடி ஆட்டினார். திருப்பினேன். மனிதர் ரசித்து ரசித்து ஆட்டுகிறார், ஒவ்வொரு தட்டுக்கும் ஆட்டுகிறார், மேலே கீழே பக்கவாட்டில் எல்லாம் ஆட்டுகிறார்! இவ்வளவு வேகமாகக் கோப்புப் பார்க்கும் அதிகாரியை என் சர்வீஸில் கண்டதில்லை. விட்டுவிடுவேனா? எழுதுவதும் திருப்புவதுமாக என் கை மின்விசிறியாகச் சுழன்றது. நடுவில் ஒருமுறை கண்ணைத் திறந்து பார்த்தவர், எதிரில் இருந்த பக்கத்தைக் கண்டு திடுக்கிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது, 'ஏன் இவ்வளவு தாமதம்' என்று அர்த்தம். இன்னும் வேகத்தைக் கூட்டினேன். அவரும் ரோஷக்காரர் போலிருக்கிறது. முப்பது வருடத்தில் மேடையில் பாதியில் நிறுத்தியதே இல்லையாம். எந்தப் பக்கம் எதிரில் வருகிறதோ அதை வாசித்தார், வந்து போவதற்குள் வாசித்தார், வியர்க்க விறுவிறுக்க வாசித்தார். முக்கால் மணி நேர முதல் பகுதி ஆறு நிமிடத்தில் முடிந்தது. நான் கடைசித் தாளில் தேதியும் போட்டு, நாடாவைச் சுற்றி இறுக்கி முடிச்சிட்டு எழுந்து நின்றேன்.

தலைவர் தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். இடைவேளைத் தேநீருக்கு அடுப்பே பற்ற வைத்திருக்கமாட்டார்கள். மேதை கோப்பைக் காட்டி, விரலைப் பின்பக்கமாகச் சுற்றி ஏதோ சைகை செய்தார். மறுபடி முதலிலிருந்து என்கிறார் என்று புரிந்தது. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே! மேலிடம் யார்? முன் வரிசையில் இருக்கும் தலைவர். நான் மேடை ஓரத்துக்கு வந்து, கோப்பைத் தூக்கிக் காட்டி, 'திறக்கலாமா?' என்று புருவத்தால் கேட்டேன். அவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் ஆட்டினார். கூடாது என்றால் கூடாதுதான். திரும்பி வந்து மேதையிடம் கையை விரித்தேன்.

அவர் கோப்பைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. உலகப் பிரசித்தி பெற்ற விரல்கள் மாப்பிள்ளை, இரும்புப் பிடி! ஆனால் என் முடிச்சு அதைவிடக் கெட்டி. இழுத்த இழுப்பில் விரலுறை வழுக்கி, நான் பின்பக்கமாகப் போய்க் கட்டைகளின் மேல் முழுசாக உட்கார்ந்துவிட்டேன். இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். எழுந்திருக்க முழங்கையை ஊன்றினேன், இன்னொரு சத்தம். என்னைத் தூக்க வந்த மேதை கால் தடுக்கி என் மேலேயே விழுந்தார், அது எல்லாவற்றிலும் பெரிய சத்தம். நிகழ்ச்சி நிரலில் இரண்டாவதாக 'புதுமை இசை' என்று போட்டிருந்தீர்கள் அல்லவா? சபையோர் அதுதான் இது என்று முடிவுகட்டி எழுந்து நின்று கைதட்டினார்கள். மூன்றாம் வரிசையில் ஒரு அம்மாள், "நமக்குப் புரியலைன்னா அது பெரிய விஷயம்னு அர்த்தம்" என்று பக்கத்திலிருந்தவரை எழுப்பிக் கைதட்ட வைத்தாள்.

அந்தக் கைதட்டல் அடங்கியதும் மேதை கோட்டை உதறிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். நோட்ஸைத் தேடவே இல்லை. கண்ணை மூடி, மெதுவாக, மிக மெதுவாக ஒன்றை வாசிக்க ஆரம்பித்தார். எனக்குச் சங்கீதம் தெரியாது. வீட்டில் குக்கர் விசில் எண்ணுவதோடு என் தாள ஞானம் சரி. ஆனால் அதைக் கேட்கக் கேட்க விரலுறையைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். திருப்பப் பக்கம் இல்லை, கை சும்மா இருந்தது, அதனால் காது வேலை செய்தது போலும். நடுவில் அவர் என் பக்கம் திரும்பி ஒருமுறை தலையாட்டினார். திருப்புவதற்கு அல்ல, சும்மாதான் ஆட்டினார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து என்னைப் பார்த்து யாருமே அப்படித் தலையாட்டியதில்லை. கல்யாணக் கோட்டின் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இதை உங்கள் அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

முடிந்ததும் பின் அறையில் தலைவர் பிடித்துக்கொண்டார். "யாருய்யா உன்னை மேடையில ஏத்தினது?" என்று உறுமினார். உங்கள் பெயர் தொண்டை வரை வந்தது, விழுங்கிவிட்டேன். "யாரும் ஏத்தலை ஐயா, நானே ஏறினேன். மேலாளருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை" என்று சொல்லி, அதையே எழுத்து மூலமும் கொடுத்து, கையெழுத்தும் போட்டுவிட்டேன். போகும்போது மேதை சுருதி கூட்டுகிறவரிடம் ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன். "இந்த மாதிரி ஒரு ஆளோட உலகத்துல எங்கயும் வாசிச்சது இல்லைன்னு சொல்றாரு" என்றார். "அது பாராட்டா?" என்றேன். "கேட்க எனக்குத் தைரியம் வரலை ஐயா" என்றார். கோப்பை மேதை அப்படியே எடுத்துப் போய்விட்டார், முடிச்சு அவிழவில்லை.

ஆகவே, தலைவர் விசாரித்தால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. என்னைத் தெரியாது என்று ஒரே போடாகப் போட்டுவிடுங்கள். இருபத்தெட்டு வருட உறவு, நீங்கள் அரைக்கால் சட்டையோடு என் கல்யாணத்தில் மாலையைத் தட்டிவிட்டது எல்லாம் உங்கள் உத்தரவு கைக்கு வரும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது. மருத்துவமனைக்கும் நான் வரமாட்டேன், யாராவது பார்த்துவிடுவார்கள். நாம் உறவு என்பதற்கு ஊரில் இருக்கும் ஒரே எழுத்துச் சான்று இந்தக் கடிதம்தான். படித்ததும் கிழித்துவிடவும். நீங்கள் நூறாண்டு நலமுடன் வாழ்ந்து, தையல் எல்லாம் நல்லபடி ஆறி, நிரந்தர நாற்காலியில் உட்கார ஆசீர்வதிக்கும்,

உங்களுக்கு யாரென்றே தெரியாத,
அத்தான்.

நகல்: 1. அரங்கத் தலைவர் அவர்கள் – தகவலுக்காக. 2. வீட்டுக் கோப்பு.

பின்குறிப்பு: மாப்பிள்ளை, மேலே 'நகல்' என்று இருப்பதன் விபரீதம் இப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பத்து மூன்று வருடப் பழக்கம், கார்பன் தாள் வைக்காமல் எனக்குக் கடிதமே எழுத வராது. இரண்டாம் நகலை உங்கள் அக்கா படித்துவிட்டுச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். முதல் நகலை இன்று காலையே நான் நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். தலைவர் என் எதிரிலேயே படித்தார். "ஓஹோ, அப்படியா சங்கதி" என்று பக்கத்துக்குப் பக்கம் தலையாட்டினார். யார் திருப்பியது என்று கேட்கிறீர்களா? நான்தான். கடிதம் முடிந்த பிறகும் அவர் தலை நிற்கவில்லை, என் கையும் நிற்கவில்லை. அடியில் அவர் மேசைக் காகிதங்கள் இருந்தன. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கையெழுத்துப் போட, நான் சுருக்கொப்பம் போட்டுத் திருப்பிக்கொண்டே போனேன். ஐந்தாவது காகிதம், கிழிப்பதற்காக அவர் எடுத்து வைத்திருந்த உங்கள் நிரந்தர உத்தரவு. தாண்டிய பிறகுதான் பார்த்து, "இதுல எப்பய்யா போட்டேன்?" என்று அலறினார். நான் விதியை எடுத்துச் சொன்னேன். மேலிடம் அவரேதான், ஆனால் தன் உத்தரவைத் தானே மறுபடி திறக்கத் தனக்கு மேல் யாரைக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆகவே நீங்கள் நிரந்தரம், வாழ்த்துகள். ஆறாவது காகிதத்திலும் கையெழுத்து விழுந்துவிட்டது. என்னை ஆயுளுக்கும் அந்த அரங்கத்துக்குள் விடக்கூடாது என்பது அதன் சாரம். அதை நிறைவேற்ற வேண்டியவர் நிரந்தர மேலாளர். அந்த மேதை அடுத்த வருடமும் வருகிறாராம். பின்பக்க ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டால் அது உள்ளே வந்த கணக்கா, வெளியே நின்ற கணக்கா என்பதை மட்டும் விதிகளைப் பார்த்து எனக்கு ஒரு வரி எழுதவும்.