மடியில் கட்டிய சாவி

என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு பொருளைத்தான் திருடியிருக்கிறேன். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஓர் இரும்புத் துண்டு. அதையும் திருட்டைத் தடுப்பதற்காகத்தான் திருடினேன். (கோர்ட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் பதினெட்டு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.)

அப்போது எனக்கு வயது இருபத்தொன்று. வேலை கிடையாது. பாட்டுக் கட்டுவதுதான் என் வேலை என்று நானும், அது ஒரு வியாதி என்று வீட்டாரும் நம்பிக்கொண்டிருந்தோம். ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அக்கா வீட்டில் சாப்பாடு. அக்காவின் புருஷன் பழனியாண்டி மச்சான் ஒரு பழைய லொறி வாங்கியிருந்தார். தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளை ரயிலுக்குக் கொண்டுபோகும் வேலை அதுவரை வீராசாமியின் மாட்டுவண்டிகளிடம் இருந்தது. மச்சான் துரையிடம் போய்க் கெஞ்சி, ஒரு மாதத் தவணை வாங்கியிருந்தார். அந்த மாதத்தில் ஒரு தடவை பெட்டிகள் ரயிலைத் தவறவிட்டாலும் மறுபடி மாடுதான் என்பது துரையின் பேச்சு.

லொறியோ, பெரிய சண்டைக் காலத்துச் சரக்கு. இரண்டு துரைமார், ஒரு ரொட்டிக் கடைக்காரர் என்று கை மாறி எங்களிடம் வந்து சேர்ந்தது. மலை ஏறும்போது இருமும், இறங்கும்போது முனகும், சமதரையில் சத்தமில்லாமல் போனால்தான் நாங்கள் இறங்கிப் பார்ப்போம். பெற்றோலை மட்டும் குடித்திருந்தால் மன்னித்திருப்போம். முதல் வாரத்தில் கியர்ப் பெட்டி நொறுங்கியது. அக்காவின் இரண்டு ஆடுகளையும் தின்ற பிறகுதான் அது சமாதானமாயிற்று. மூன்றாவது வாரம், அரிசி ஏற்றப் போன இடத்தில், பெல்மதுளைச் சந்தியிலேயே பின் அச்சு முறிந்தது. கொழும்பிலிருந்து புது அச்சு வந்தது. அதற்காக அக்காவின் தையல் மெஷின் வீட்டை விட்டுப் போயிற்று. அது போன அன்று அக்கா இடுப்புக் குழந்தையோடு வாசலில் நின்று, மெஷின் இருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்கு இன்னும் சொல் அகப்படவில்லை.

அச்சை மாற்றும் பொறுப்பு ஜேமிஸ் பாஸிடம் வந்தது. (தச்சரோ கொத்தரோ மெக்கானிக்கோ, கைவேலை தெரிந்த சிங்களவர் எவரும் எங்கள் பக்கத்தில் பாஸ்தான்.) பெல்மதுளையில் ஒரு பலாமரத்தடியில் நாலு தகரம் போட்டு வைத்திருந்தார். வாயில் வெற்றிலை இருக்கும்வரை பேசமாட்டார். வெற்றிலை எப்போதும் இருக்கும். அவரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு: நல்ல சாமானைக் கழற்றிவிட்டுப் பழசை மாட்டிவிடுவார் என்று. யாருடைய சாமான், எந்த லொறி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அதனாலேயே நாங்கள் அதை முழுசாக நம்பினோம்.

மச்சான் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, நமக்குச் சிங்களம் வராது. நீதான் கடைத்தெரு பள்ளிக்கூடத்துல படிச்சவன். பாஸ் பக்கத்துலயே குந்திக்க. கண்ண அங்க இங்க எடுத்துறாத. உங்கக்கா மெஷினுடா அது."

"கவலப்படாதீங்க மச்சான். சிங்களத்துல நான் புலி."

இந்த வாக்கியத்தை நான் சொன்னபோது அருகே யாரும் சிரிக்கவில்லை என்பதே ஆச்சரியம்.

காவல் தொடங்கியது. லொறி மேட்டில் நின்றால் சக்கரத்துக்குப் பின்னால் வைக்கும் அடைகட்டை ஒன்று இருந்தது. அதைத் தூக்கிவந்து பட்டறை நடுவில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தேன். லொறியில் ஆசனத்தின் கீழே ஒரு பெட்டி; அதில் ஒரு ஜோடி நல்ல பல்சக்கரங்கள்; அந்தப் பெட்டியின் சாவி என் அரைஞாணில். பாஸ் கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் நான் எண்ணினேன். அவர் சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவித் தகரத் தட்டில் பரப்பினார். வெயில் பட்டதும் அவை எல்லாம் மீன்குஞ்சுகளாக மின்னின. நான் ஒரு பாட்டின் முதல் அடியை யோசித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் எண்ணிக்கை தவறிப்போயிற்று. மறுபடி எண்ணினேன். இந்த முறை இரண்டு கூடுதலாக வந்தது. அது இன்னும் பயங்கரமாக இருந்தது.

பகலில் தேநீர் குடிக்கப் பக்கத்துக் கடைக்குப் போனேன். அங்கே காசிம் நானா இருந்தார். மாணிக்கக் கல் வியாபாரி. என் கவலையைக் கேட்டுவிட்டுத் தொழில் ரகசியம் ஒன்றைச் சொன்னார்.

"தம்பி, ஜோடிக் கல்லத் தரகன்ட கைல குடுக்கிய நேரம் ரெண்டையும் குடுத்துறப்படாது. ஒண்ட மடில வெச்சிக்கோணும். ஒத்தக் கல்ல வெச்சிக்கிட்டு அவன் என்ன செய்யிய? தானா திரும்பி வருவான்."

அது என் மனதில் அப்படியே பதிந்துவிட்டது. பட்டறைக்குத் திரும்பினேன். பாஸ் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தார். தட்டின் ஓரத்தில், எல்லாவற்றிலும் சின்னதாக, எல்லாவற்றிலும் பளபளப்பாக ஒரு சதுரத் துண்டு. புது அச்சோடு காகிதத்தில் சுற்றி வந்தது. இவ்வளவு சின்னது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? எடுத்து வேட்டி மடியில் முடிந்துகொண்டேன். இனிப் பாஸ் என்ன ஏமாற்றினாலும் ஜோடியில் ஒன்று என்னிடம். (எதற்கு ஜோடி என்று நான் என்னையே கேட்கவில்லை.)

அரைமணி நேரம் கழித்துப் பாஸ் தேட ஆரம்பித்தார். தட்டைத் தூக்கிப் பார்த்தார். மண்ணைக் கையால் அளைந்தார். பிறகு வெற்றிலையைத் துப்பினார். அது பெரிய விஷயம். என்னைப் பார்த்துக் கேட்டார்:

"மாத்தயா, யதுர கோ?"

ஐயா, சாவி எங்கே என்று அர்த்தம். அந்த லொறிக்குச் சாவி கிடையாது. முன்னால் இரும்புக் கம்பியை மாட்டிச் சுற்றினால்தான் அதற்கு உயிர் வரும். ஆகவே இருந்தது ஒரே சாவி, என் அரைஞாணில் தொங்கிய பெட்டிச் சாவி. ஆகா, பல்சக்கரத்தின்மேல் கண் வைத்துவிட்டான்! எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த சிங்களத்தை எல்லாம் திரட்டிச் சொன்னேன்:

"யதுர தென்ன பே!" சாவி தரமுடியாது.

பாஸ் என்னை நெடுநேரம் பார்த்தார். "யதுர நெத்துவ பே" என்றார். சாவி இல்லாமல் முடியாது.

சாவி இல்லாமலே செய்யுங்கள் என்றேன். அவர் நாளை வரச் சொன்னார். தானே ஒன்று அராவிப் போடுகிறேன் என்றார். கள்ளச் சாவி! என் முன்னாலேயே! எவ்வளவு துணிச்சல்! நாளை என்ற பேச்சே கிடையாது, இன்று பின்னேரம் பதினெட்டுப் பெட்டி ரயிலேற வேண்டும் என்று கத்தினேன். இதற்குள் மச்சானும் வந்து, "என்னாங்குறாரு?" என்று பரபரத்தார். "இழுத்தடிக்கப் பாக்குறாரு மச்சான். நான் விடல" என்றேன்.

பாஸ் தோளைக் குலுக்கினார். முழுப் பலத்தோடு பெரிய நட்டை முறுக்கினார். லொறி புறப்படும்போது என் பக்கம் வந்து, விரலை ஆட்டி, "கந்த நகின்ன எபா" என்றார்.

மலை ஏறாதே என்றார். மலைநாட்டில் லொறி வைத்திருப்பவனிடம் மலை ஏறாதே என்றால் அதைப் பரிகாசம் என்று எடுத்துக்கொள்வதா, சாபம் என்று எடுத்துக்கொள்வதா?

"என்ன சொல்றாரு மாப்ளே?"

"பாத்துப் போகச் சொல்றாரு மச்சான்."

லொறி போயிற்று. அதுதான் அநியாயம், நன்றாகவே போயிற்று. வெறும் லொறி, தோட்டத்து மேட்டைக்கூட முக்கிக்கொண்டு ஏறிவிட்டது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். மழை விட்டிருந்தது. ரப்பர் மரங்களுக்கிடையே வெயில் சில்லறையாகச் சிதறிக்கிடந்தது. காலையில் தொலைந்த பாட்டின் முதல் அடி திரும்பி வந்தது. ஸ்டேஷனுக்கு முன்னால் ஒரே ஒரு ஏற்றம். அதன் பாதியில் நான் இரண்டாவது அடியைப் பிடித்தேன்.

எஞ்சின் உறுமியது. லொறி நின்றது. எஞ்சின் இன்னும் உறுமியது. லொறி, யோசித்து முடிவெடுத்ததுபோல, பின்னால் போக ஆரம்பித்தது.

மச்சான் கால் பிரேக்கின் மேல் ஏறியே நின்றார். அது அச்சு வழியாகச் சக்கரத்தைப் பிடிக்கிற பிரேக். அச்சுக்கும் சக்கரத்துக்கும் அந்த நேரத்தில் பேச்சுவார்த்தை இல்லை. கை பிரேக், நாங்கள் வாங்கிய நாள்முதல் அழகுக்காக இருந்தது.

"மாப்ளே! குதி! கட்டையப் போடு!"

"கட்டை... பட்டறையில இருக்கு மச்சான்."

"அங்க என்னடா பண்ணுது?"

"அது மேலதான் குந்தியிருந்தேன்."

இந்த உரையாடல் முழுவதும் பின்னோக்கிப் போய்க்கொண்டே நடந்தது. எங்களுக்குப் பின்னால் விறகு ஏற்றிய இரண்டு வண்டிகளோடு வீராசாமி வந்துகொண்டிருந்தார். அவர் மாடுகளை ஓரம் கட்டி, துரை போனால் ஒதுங்குவதுபோல மரியாதையாக வழிவிட்டார். நாங்கள் அவரைத் தாண்டிப் பின்னால் போனோம். வளைவில் திரும்ப லொறிக்கு விருப்பமில்லை. நேராக வயலில் இறங்கி, சேற்றில் பின்பக்கத்தைப் புதைத்து உட்கார்ந்தது. நாலு பெட்டிகள் சரிந்து உடைந்தன; உள்ளே இருந்த ஈயத்தாளும் கிழிந்தது. துரைத்தனத்துத் தேயிலை வயல் தண்ணீரில் பரவியது. தண்ணீர் மெல்ல மெல்லச் சிவந்தது. அத்தனை பெரிய தேநீரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

வீராசாமி வரப்பில் வந்து நின்றார். மச்சானைப் பார்த்துச் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்துத்தான்.

"தம்பி, எங்க மாட்டுக்கு ஆயிரம் குறை சொல்லுவீங்க. ஆனா அதுக்குப் பின்னால போவத் தெரியாதுங்க."

சொல்லிவிட்டு விறகைக் கீழே தள்ளி, மிச்சப் பதினாலு பெட்டிகளையும் தன் வண்டிகளில் ஏற்றினார். அவை ரயிலைப் பிடித்தன. நாங்கள் பிடிக்கவில்லை என்பதுதான் துரையின் புத்தகத்தில் ஏறியது.

வழியில் போன ஒருவர் போய்ச் சொல்ல, ஜேமிஸ் பாஸ் சைக்கிளில் வந்து சேர்ந்தார். ஹாண்டிலில் எங்கள் அடைகட்டையைக் கட்டியிருந்தார். சேற்றில் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றினார். அச்சின் முனையில் ஒரு பள்ளம். சக்கரத்தின் நடுக் குடத்தில் அதற்கு எதிரே ஒரு பள்ளம். இரண்டும் காலி. அந்தக் காலியிடத்தில் விரலை வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார். அதே குரல்.

"மாத்தயா, யதுர கோ?"

"என்னடா கேக்குறாரு?" என்றார் மச்சான்.

"சாவி எங்கன்னு..."

"எந்தச் சாவி?"

பாஸ் ஈர மண்ணில் விரலால் ஒரு சதுரம் வரைந்தார். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அச்சையும் சக்கரத்தையும் பூட்டி ஒன்றாகச் சுற்ற வைக்கும் துண்டு. அதனால் பட்டறைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் சாவி. அது இல்லாமல் நட்டின் பிடியில் வெறும் லொறி ஓடும், பாரத்தோடு மேடு ஏறாது. என் கை என்னைக் கேட்காமலே மடிக்குப் போயிற்று. முடிச்சை அவிழ்த்தேன். இரண்டு பேரின் கண்ணையும் பார்க்காமல் உள்ளங்கையை நீட்டினேன்.

மச்சான் குனிந்து அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

பாஸ் அதை எடுத்து இடுப்புச் சாரத்தில் துடைத்துப் பள்ளத்தில் வைத்தார். சுத்தியலால் இரண்டே தட்டு. பிறகு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, நல்ல தமிழில் சொன்னார்:

"தம்பி நல்ல காவக்காரன். எங்கிட்ட இருந்தே காப்பாத்திட்டாரு."

மச்சான் வாயைப் பிளந்தார். "பாஸ், ஒங்களுக்குத் தமிழ் தெரியுமா? அப்ப எங்கிட்டயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"இருவது வருசமா தோட்டத்து ஆளுங்களோடதானே வேல. ஆனா தம்பி சிங்களம் பேச ஆசப்பட்டாரு. நான் அந்த ஆசய ஏன் கெடுக்கணும்? மேட்டுல ஏறவேணாம்னு சொன்னேன். தம்பி ஒங்ககிட்டச் சொல்லலையா?"

வீட்டுக்கு வந்ததும் மச்சான் எல்லாவற்றையும் அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கேட்டு முடித்து, "என் மெஷின வித்து வாங்கின சாமானையா மடியில முடிஞ்சிக்கிட்டுத் திரிஞ்ச?" என்றாள். அவ்வளவுதான். அடித்திருந்தால் ஆறியிருக்கும்.

தோட்டத்து வேலை மாடுகளிடமே போயிற்று. துரையின் நாலு பெட்டிக்கும் மச்சான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகு மச்சான் லொறியைப் பெல்மதுளைக்கே கொண்டுபோய், ஜேமிஸ் பாஸோடு கூட்டுச் சேர்ந்து, இரத்தினபுரிக்குத் தேங்காயும் வாழைக்குலையும் ஏற்றினார். பாஸ் அந்தக் கிழட்டு லொறியை இன்னும் ஒன்பது வருஷம் ஓட வைத்தார். ஒருநாள்கூட யாரும் அவர் பக்கத்தில் காவல் இருக்கவில்லை. காவல் எல்லாம் என்மேல்தான். நான் பட்டறைப் பக்கம் தலை காட்டினால் பாஸ் தட்டைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். தையல் மெஷின் திரும்பி வருவதற்கு மூன்று வருஷம் பிடித்தது. வந்த அன்று அக்கா முதலில் அதன் ஊசியைக் கழற்றி ஒளித்து வைத்தாள். நான் வீட்டில் இருந்தேன்.

போன தை மாதம் அந்த இடுப்புக் குழந்தைக்குக் கல்யாணம். தாலியைத் தட்டில் வைத்துப் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கச் சபையில் கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிட்டார்கள். தாய்மாமன் என்று தட்டு என்னிடம் வந்ததும் மேளக்காரர்கூட எட்டிப் பார்த்தார். நான் பக்தியோடு தொட்டேன். தட்டு நகர்ந்தது. முன்வரிசையில் வெள்ளைச் சாரமும் கறுப்புக் கோட்டுமாக உட்கார்ந்திருந்த ஜேமிஸ் பாஸ், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, தட்டை ஒரு பார்வை, என் மடியை ஒரு பார்வை பார்த்தார்.

"மாத்தயா," என்றார், சபை முழுவதும் கேட்க, "யதுர கோ?"

மணப்பெண் குனிந்த தலையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் எழுந்து நின்று, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துச் சபைக்குக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் அக்கா, "ம், கெட்டி மேளம்" என்றாள்.